வண்டி நின்ற பிறகு

பகல் நேரப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருப்பவரின் கண்ணை ஒரு நிமிடம் கவனியுங்கள். சும்மா வேடிக்கை பார்ப்பதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருப்பார். கருவிழியோ ஓயாமல் உழைத்துக்கொண்டிருக்கும். ஒரு புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு அதனோடு மெல்லப் பின்பக்கம் நகரும். மரம் பார்வையை விட்டு விலகும் தறுவாயில் சட்டென்று முன்னால் தாவி, அடுத்து வருவதைப் பிடிக்கும். மறுபடி மெல்லப் பின்னால், மறுபடி ஒரு தாவல். ரயில் பயணிகளிடம் இது எளிதாகத் தெரிந்ததால் கண் மருத்துவர்கள் ஒரு காலத்தில் இதை ‘ரயில் நிஸ்டாக்மஸ்’ என்றே சொல்லிவந்தார்கள்.

தாவுகிற அந்த நொடித்துளியில் மூளை பார்வையை அடக்கிவிடுகிறது. வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். கண்ணாடி முன் நின்று உங்கள் இடது கண்ணையும் வலது கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். விழிகள் அசைவது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும். அப்படியென்றால் ஜன்னலுக்கு வெளியே நாம் பார்ப்பது அறுபடாமல் ஓடும் காட்சி அல்ல. ஒரு மைல்கல், டீக்கடைப் பலகையில் பாதி எழுத்து, கிணற்று மேட்டில் காயும் ஒரு சிவப்புச் சேலை, நாய், மதகு. கண் துண்டு துண்டாகப் பொறுக்கிப் போடுகிறது. மூளை அவற்றை ஒட்டித் தருகிறது. எட்டு மணி நேரப் பயணத்தில் இப்படி ஆயிரக்கணக்கான துண்டுகள் உள்ளே போகின்றன.

கதை எழுதுகிறவர்களுக்கு நெடுஞ்சாலை மேல் ஏன் இவ்வளவு ஈர்ப்பு என்று கேட்டால், புது ஊர், புது மனிதர்கள், அனுபவம் என்று பதில் வரும். அதில் தவறில்லை. ஆனால் அது போதாது. லாரி ஓட்டுநரும் மெடிக்கல் ரெப்பும் எந்த எழுத்தாளரையும்விட அதிக தூரம் போகிறவர்கள், அதிக மனிதர்களைப் பார்க்கிறவர்கள். சாலை கொடுப்பது துண்டுகளைத்தான் என்று நான் நினைக்கிறேன். அவை கதையாக மாறுவது வேறொரு நேரத்தில், பெரும்பாலும் வண்டி நின்ற பிறகு. ஓய்ந்து உட்கார்ந்த மூளைக்குள் என்ன நடக்கிறது என்பது பற்றிக் கடந்த ஐம்பது ஆண்டுகளில் வெளிவந்திருக்கும் சில கண்டுபிடிப்புகள் என்னை இப்படி நினைக்க வைக்கின்றன. அவற்றைச் சொல்வதற்கு முன், விஞ்ஞானியாகவும் நாவலாசிரியராகவும் ஒரே காரில் பயணம் செய்த ஒருவரைப் பார்த்துவிடலாம்.

விளாதிமிர் நபோக்கோவ் 1899-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் பிறந்தவர். ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு நாட்டை இழந்து ஐரோப்பாவில் அலைந்து, 1940-ல் மனைவி வேராவோடும் ஆறு வயது மகனோடும் நியூயார்க்கில் வந்து இறங்கினார். ரஷ்ய மொழியில் எழுதிப் பெற்ற பெயரெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. இனி ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அதுவும் இன்னும் கண்ணால் பார்க்காத ஒரு நாட்டைப் பற்றி. மறு வருடம் கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் அவரைக் கோடைக்கால வகுப்பெடுக்க அழைத்தது. அவரிடம் ரஷ்ய மொழி படித்துவந்த டாரதி லூதோல்ட் என்பவர் தன் போன்டியாக் காரில் குடும்பம் முழுவதையும் கண்டத்தின் மறு கரைக்கு ஓட்டிச் சென்றார். வழியில், 1941 ஜூனில், கிராண்ட் கேன்யன் தென்விளிம்பிலிருந்து கீழே இறங்கும் பாதையில் நபோக்கோவ் ஒரு பழுப்பு நிறப் பட்டாம்பூச்சியைப் பிடித்தார். அறிவியலுக்குப் புதியது என்று உறுதிப்படுத்திக்கொண்டு, காரோட்டி வந்தவருக்கு நன்றியாக ‘டாரதியா’ என்று பெயர் சூட்டினார். இன்று அது ஒரு துணையினமாக வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. பெயர் அப்படியே இருக்கிறது.

பட்டாம்பூச்சி அவருக்குப் பொழுதுபோக்கு மட்டுமல்ல. 1940-களில் ஹார்வர்டின் ஒப்பியல் விலங்கியல் அருங்காட்சியகத்தில் நுண்ணோக்கியடியில் நீலன் வகைப் பட்டாம்பூச்சிகளை வைத்துப் பல வருடங்கள் ஆராய்ந்தார். அமெரிக்கக் கண்டத்து நீலன்கள் ஆசியாவிலிருந்து அலை அலையாக வந்து சேர்ந்தவை என்று 1945-ல் எழுதினார். 2011-ல் மரபணு ஆய்வு அந்த ஊகம் சரியென்று காட்டியது.

நபோக்கோவ் கடைசி வரை கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. ஓட்டியவர் வேரா. கோடை விடுமுறை வந்ததும் இருவரும் பட்டாம்பூச்சி வலையோடு நியூயார்க் மாநிலத்திலிருந்து மேற்கே கிளம்புவார்கள். 1949-க்கும் 1959-க்கும் இடையில் வேரா தன்னை 1,50,000 மைலுக்கு மேல் ஓட்டிச் சென்றதாக நபோக்கோவ் பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார். பூமியை ஆறு முறை சுற்றும் தூரம். கணவரின் கையெழுத்துப் பிரதிகளைத் தட்டச்சு செய்தவரும் வேராதான். ஒரு கட்டத்தில் மனம் வெறுத்துப்போன நபோக்கோவ் ‘லோலிடா’வின் ஆரம்பப் பக்கங்களை எரிக்கக் கிளம்பியபோது தடுத்துக் காப்பாற்றியவரும் அவரே. அந்த நாவலைப் பற்றிப் பேசும்போது ஓட்டுநர் இருக்கையில் இருந்தவரை மறந்துவிடக் கூடாது.

‘லோலிடா’ ஒரு சிறுமியின் வாழ்வைச் சிதைத்தவன் தானே சொல்லும் கதை. வாசிக்கக் கடினமான கதை. அவன் அவளை அமெரிக்கா முழுக்கக் காரில் இழுத்துக்கொண்டு அலைகிறான். அந்த மோட்டல்கள், பெட்ரோல் பங்குகள், அறைகளில் ஒட்டியிருக்கும் அறிவிப்புகள், சுற்றுலாப் பயணிகளை அழைக்கும் விளம்பரப் பலகைகள் எல்லாம் வேராவின் கார் ஜன்னல் வழியாக உள்ளே வந்தவை. கவனிக்க வேண்டியது, அவற்றை நபோக்கோவ் எங்கே, எப்போது எழுதினார் என்பதை. பட்டாம்பூச்சி பிடிக்கப் போன ஊர்களில் தங்கியிருந்தபோது, மாலைகளிலும் மேகம் மூடிய பகல்களிலும்தான் நாவல் நகர்ந்தது. வெயில் இல்லாவிட்டால் பட்டாம்பூச்சி பறக்காது. அன்று வலைக்கு வேலையில்லை. சில நேரம் சாலையோரம் நிறுத்திய காரின் இருக்கையிலேயே, இரைச்சல் இல்லாத இடம் என்று உட்கார்ந்து எழுதினார். எழுதியது நோட்டில் அல்ல, சின்னச் சின்ன அட்டைகளில், பென்சிலால். பட்டாம்பூச்சி ஆய்வுக் குறிப்புகளையும் அவர் அப்படி அட்டைகளில்தான் வைத்திருந்தார். அட்டையில் எழுதினால் கதையை முதலிலிருந்து கடைசி வரை வரிசையாக எழுதிப்போக வேண்டியதில்லை. எந்தக் காட்சி துலக்கமாகத் தெரிகிறதோ அதை எழுதிவிட்டு, பிறகு சீட்டுக்கட்டைப் போல் கலைத்து அடுக்கிக்கொள்ளலாம்.

ஓடுகிற வண்டியில் மனம் என்ன செய்கிறது? 2001-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கஸ் ரெய்க்கலும் உடன் உழைத்தவர்களும், குறிப்பிட்ட வேலை எதிலும் ஈடுபடாதபோது மூளையின் சில பகுதிகள் சேர்ந்து சுறுசுறுப்பாக இருப்பதை எடுத்துக்காட்டினார்கள். பழைய நினைவு, நாளைய திட்டம், பிறர் மனதில் என்ன இருக்கும் என்ற யோசனை இவையெல்லாம் அந்த வலைப்பின்னலோடு தொடர்புள்ளவை. நாவலாசிரியரின் தொழிலுக்கு வேண்டியதும் இவைதான். குறிப்பிட்ட வேலை ஏதும் இல்லாத ஜன்னலோரப் பயணியாலும் மனதை அலையவிட முடிகிறது. முழு ஓய்வும் இல்லை, முழு வேலையும் இல்லை. கண் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருக்க, மனம் வேறெங்கோ போய்வருகிறது. ஓட்டுகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. நேரான சாலையில் நெடுநேரம் ஓட்டும்போது, கடந்த இருபது கிலோமீட்டர் எப்படிப் போனதென்றே நினைவில்லாமல் போகும் நிலை ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். அது உயிருக்கு ஆபத்தான மறதி. கதை யோசிக்க ஆசைப்படுகிறவர் வண்டியை இன்னொருவரிடம் கொடுத்துவிடுவதே நல்லது.

அலையும் மனம் உண்மையிலேயே கதைக்கு உதவுகிறதா என்பதை எழுத்தாளர்களிடமே சோதித்திருக்கிறார்கள். 2019-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், தொழில்முறை எழுத்தாளர்களும் இயற்பியலாளர்களும் அன்றன்று தங்களுக்குத் தோன்றிய முக்கியமான யோசனையையும், அது தோன்றியபோது என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதையும் எழுதிவைத்தார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒரு யோசனை, வேலைக்குச் சம்பந்தமில்லாத எதையோ செய்துகொண்டும் வேறெதையோ நினைத்துக்கொண்டும் இருந்தபோது வந்தது. அப்படி வந்தவை மற்றவற்றைவிட உயர்ந்தவை என்று சொல்ல முடியவில்லை. ஆனால் வெகுநாள் முட்டுச்சந்தில் நின்றுபோன ஒரு வேலைக்கு வழி திறந்துவிட்டவை அவற்றில்தான் அதிகம் இருந்தன. மீதி ஐந்தில் நான்கு பங்கு, வேலை செய்துகொண்டோ அதைப் பற்றியே யோசித்துக்கொண்டோ இருந்தபோது வந்தவை என்பதையும் மறக்கக் கூடாது. சும்மா இருந்தால் யோசனை பெருகும் என்று காட்ட முயன்ற ஆய்வகச் சோதனைகளும் உண்டு. அவற்றைத் திரும்பச் செய்தவர்கள் எல்லோருக்கும் அதே விடை கிடைக்கவில்லை. மனம் அலைவது மட்டும் முழுக் காரணமாக இருக்க முடியாது.

காரணத்தின் இன்னொரு பாதி, நம் இரு காதுகளுக்கும் நேர் உள்ளே, மூளையின் அடிப்பக்கத்தில் வளைந்து கிடக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற சிறு பகுதியில் இருக்கிறது. 1971-ல் லண்டனில் ஜான் ஓகீஃப், எலிகளின் ஹிப்போகாம்பஸில் விநோதமான நரம்பு செல்களைக் கண்டார். எலி ஒரு குறிப்பிட்ட மூலைக்கு வந்தால் ஒரு செல் துடிக்கும்; நான்கு அடி தள்ளிப் போனால் அது அடங்கி வேறொன்று துடிக்கும். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு செல் என்ற மாதிரி, எலியின் தலைக்குள் அந்த அறையின் வரைபடமே இருந்தது. 2014-ல் இதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மனிதர்களில் இதே பகுதி பழுதுபட்டால் புதிய நினைவுகள் தங்காது என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது.

கதை எழுதுகிற எவரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும் செய்தி 2007-ல் வந்தது. டெமிஸ் ஹசாபிஸ், எலினார் மக்வயர் முதலியோர், ஹிப்போகாம்பஸ் பழுதுபட்ட ஐந்து நோயாளிகளிடம் நடந்ததை நினைவுகூரச் சொல்லவில்லை. நடக்காததைக் கற்பனை செய்யச் சொன்னார்கள். வெண்மணல் கடற்கரையில் படுத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், சுற்றிலும் என்ன தெரிகிறது? அவர்களில் பெரும்பாலோரால் முடியவில்லை. மணல் என்றால் என்ன, கடல் என்றால் என்ன என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஆனால் இங்கே மணல், அதற்கு அப்பால் கடல், பின்னால் மரங்கள் என்று எல்லாம் ஓர் இடமாகக் கூடிவர மறுத்தது. துணுக்குகளாகவே கிடந்தன. (இந்த ஆய்வைச் செய்த ஹசாபிஸ்தான் பின்னர் செயற்கை நுண்ணறிவுத் துறைக்குப் போய் 2024-ல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்.) வந்த வழியை நினைவில் வைக்கும் உறுப்பும், இல்லாத ஓர் இடத்தைக் கட்டி எழுப்பும் உறுப்பும் ஒன்றுதான் என்றால், பயணத்துக்கும் புனைவுக்கும் உள்ள உறவு மனநிலையோடு நிற்பதில்லை. சதையிலேயே இருக்கிறது.

ஓய்வின் பங்கு இங்கேதான் வருகிறது. 2006-ல் டேவிட் ஃபாஸ்டரும் மேத்யூ வில்சனும், நீண்ட பாதையில் ஓடிமுடித்து நிற்கும் எலியின் மூளையைப் பதிவு செய்தார்கள். நின்ற உடனே, ஓடும்போது வரிசையாகத் துடித்த அதே செல்கள் மறுபடி துடித்தன. இம்முறை தலைகீழ் வரிசையில், பல மடங்கு வேகத்தில். எலி அசையாமல் நிற்கிறது. தலைக்குள் வந்த வழியே திரும்பிப் போகிறது. 2010-ல் அனூபம் குப்தாவும் மற்றவர்களும் அதைவிடப் பெரிய ஒன்றைப் பார்த்தார்கள். நின்றிருந்த எலியின் மூளை, அது ஒருநாளும் போயிராத வழிகளையும் ஓட்டிப் பார்த்தது. தனித்தனியாகத் தெரிந்த இரண்டு பாதைத் துண்டுகளை இணைத்து, புதிதாக ஒரு வழியை.

எலிக்கும் நாவலாசிரியருக்கும் நடுவில் வெகு தூரம் உண்டு. அதில் கொஞ்சம் 2019-ல் கடக்கப்பட்டது. லண்டனில் யுன்ச்சே லியூவும் சக ஆய்வாளர்களும் மனிதர்களுக்குப் படங்களைக் கலைத்துப்போட்ட வரிசையில் காட்டினார்கள். எது எதன் பிறகு வர வேண்டும் என்ற விதியை மட்டும் முன்கூட்டியே கற்றுக்கொடுத்திருந்தார்கள். பிறகு சில நிமிடம் சும்மா உட்காரச் சொல்லி மூளையின் காந்தச் சலனங்களை அளந்தார்கள். ஓய்வில் மூளை படங்களை மறுபடி ஓட்டியது. பார்த்த வரிசையில் அல்ல, விதி சொன்ன வரிசையில். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய 50 மில்லிநொடி. யாரும் செய்யச் சொல்லவில்லை. பட்டதைப் பட்டபடி வைத்துக்கொள்ளாமல், ஓர் உள்ளொழுங்குக்கு ஏற்ப மாற்றி அடுக்கிப் பார்ப்பது நம் மூளையின் இயல்பான வேலையாக இருக்கிறது. நபோக்கோவின் அட்டைகள் மேஜைமேல் செய்ததும் இதையேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இது நிரூபணம் ஆன செய்தியல்ல, என் துணிபு.

மற்ற பயண எழுத்துகளையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். ஜாக் கெரவாக்கின் ‘ஆன் தி ரோட்’ ஓடும் காரில் எழுதப்பட்டது போன்ற வேகம் கொண்டது. ஆனால் பயணங்கள் நடந்தவை 1947 முதல் 1950 வரை. வழியெல்லாம் குறிப்பெடுத்தவர், 1951 ஏப்ரலில் நியூயார்க்கில் ஓர் அறையில் உட்கார்ந்து, ஒட்டி நீட்டிய 120 அடிக் காகிதச் சுருளில் மூன்றே வாரத்தில் அதைத் தட்டச்சு செய்தார்.

எனக்கு இன்னும் பிடித்த உதாரணம் ஜப்பானியக் கவிஞர் பாஷோவுடையது. 1689-ல் சோரா என்ற சீடரோடு வடக்கு ஜப்பானுக்குக் கால்நடையாகப் போய்வந்தார். அதைப் பற்றிய சிறிய புத்தகத்தைத் திருத்தித் திருத்தி முடிக்க 1694 ஆயிற்று. அதில் ஓர் இரவு வருகிறது. இச்சிபுரி என்ற கடலோர ஊரில் ஒரு சத்திரம். அடுத்த அறையில் இரண்டு கணிகையர் ஒரு முதியவரிடம் தங்கள் வாழ்வை நொந்து பேசிக்கொண்டிருப்பது கேட்கிறது. இசே கோயிலுக்கு யாத்திரை போகிறவர்கள். காலையில் அவர்கள், வழி தெரியாது, உங்கள் பின்னால் வரலாமா என்று கேட்கிறார்கள். நாங்கள் ஆங்காங்கே தங்கிப் போகிறவர்கள் என்று சொல்லிவிட்டு நடந்தாலும், கவிஞரின் மனம் வெகுநேரம் ஆறவில்லை. படித்தவர்கள் மறக்காத இடம் இது. 1943-ல் சோராவின் நாட்குறிப்பு கிடைத்தது. எந்த ஊர், என்ன வானிலை, எங்கே தங்கல் என்று நாள்தோறும் எழுதியிருந்த அந்த மனிதர், இச்சிபுரியில் அப்படி யாரையும் சந்தித்ததாக ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. பாஷோ பொய் சொன்னார் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. நடந்த பாதைகளிலிருந்து ஐந்து வருட ஓய்வில் நடக்காத ஓர் இரவு கூடிவந்திருக்கிறது.

துண்டுகளும் ஓய்வும் மட்டும் போதாது. துண்டுகள் இடத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். இங்கே சாலையின் தன்மை முக்கியமாகிறது. அமெரிக்காவில் மாநிலங்களுக்கு இடையிலான அதிவேகச் சாலைகளுக்கான பெரிய சட்டம் 1956-ல்தான் வந்தது. வேரா ஓட்டிய சாலைகள் பெரும்பாலும் ஒவ்வோர் ஊரின் கடைவீதி வழியாகவே போகிற இருவழிச் சாலைகள். ஊர் வந்தால் வண்டி மெதுவாகும், நிற்கும். வாசனையும் பேச்சும் உள்ளே வரும்.

நம்முடைய பழைய இலக்கியத்தில் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன் எதிரே வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்லும் பாட்டுகள் உண்டு. நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை, நல்லியக்கோடன் என்ற வள்ளலின் ஊரான கிடங்கிலுக்குப் போகும் வழியைச் சொல்கிறது. கடலோர எயிற்பட்டினத்தில் பரதவர் தரும் சுட்ட குழல்மீன், வேலூரில் புளிச்சோறும் ஆமான் சூட்டிறைச்சியும், ஆமூரில் உழவர் வீட்டு வெண்சோறும் நண்டுக் கலவையும். ஊருக்கு ஒரு நிலம், நிலத்துக்கு ஒரு சாப்பாடு. வரிசை குலையாமல் நினைவில் நிற்க இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. அந்தக் கிடங்கில் இன்றைய திண்டிவனத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்து திருச்சி போகும் பைபாஸ் ரைடர் பேருந்துகள் அந்த ஊருக்குள் நுழையாமலே பறந்துவிடுகின்றன. சீக்கிரம் போய்ச் சேருவது வேலைக்குப் போகிறவர்களுக்குப் பெரிய உதவி. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் நான்குவழிச் சாலையின் நடுவில் அரளிச்செடியும் இருபுறமும் தடுப்பும் மட்டும் தெரியும்போது கண் எதைப் பிடித்துத் தாவும்? எழுத நினைக்கும் இளைஞர்களிடம் நான் சொல்வது, ஒருமுறையாவது ஊர் ஊராக நின்று போகும் சாதாரணப் பேருந்தில் ஏறுங்கள் என்பதுதான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாராவது ஒரு சொலவடையோடு ஏறுவார், யாராவது ஒரு கூடையோடு இறங்குவார்.

நபோக்கோவ் 1951 கோடையில் கொலராடோவில் டெல்லுரைட் என்ற பழைய சுரங்க ஊருக்கு வந்து சேர்ந்தார். சப்லிவென்ஸ் என்று அவரே பெயரிட்ட ஒரு நீலனைத் தேடித்தான் வந்தார். ஆண் பூச்சிகளை வைத்துப் பெயரிட்டிருந்தார். பெண்ணை அதுவரை யாரும் பிடித்ததில்லை. ஊருக்கு மேலே செங்குத்தான மலைப்பாதையில் அலைந்து பெண் பூச்சியைப் பிடித்தார். அப்போது கீழே பள்ளத்தாக்கிலிருந்து ஊரின் சத்தங்கள் மலையேறி வந்து அவர் காதில் விழுந்துகொண்டிருந்தன. 1952-ல் பட்டாம்பூச்சி ஆய்வாளர்களின் இதழ் ஒன்றில் அந்தப் பெண் பூச்சியைப் பற்றி எழுதினார். கட்டுரையில் இடம் டெல்லுரைட் என்றே இருக்கிறது. 1955-ல் வந்த ‘லோலிடா’வின் கடைசிப் பக்கங்களில் ஒரு மனிதன் மலைச்சரிவில் நின்று, கீழே ஒரு சுரங்க ஊரில் குழந்தைகள் விளையாடும் சத்தத்தைக் கேட்டு, தான் அழித்தது என்னவென்று உணர்கிறான். அந்த ஊருக்கு நாவலில் பெயர் இல்லை. சரிவில் பட்டாம்பூச்சியும் இல்லை.